மேடையில் பிடுங்கிய கேபிள்

“பிப்ரவரி 16. மூன்றாவது பாட்டின் நடுவில் என் கேபிளை நானே மிதித்துப் பிடுங்கிவிட்டேன்.” இதை டைரியில் எழுதிவிட்டு ஜெனோவா பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். பாட்டுக்கு அடியில் கனத்த ஒலி கொடுக்கும் பேஸ் கிட்டாரை மாலை வகுப்பில் பழகிவந்த அவளுக்கு அன்றைய கல்யாண வரவேற்புதான் முதல் மேடை. “பேஸ் யாருக்குக் கேக்கப்போவுது? இன்னிக்கு ஒருநாள் பாப்போம். சரிவரலன்னா நாங்க மூணு பேரே போதும்” என்று பாடகன் ரெக்ஸன் முன்பே சொல்லியிருந்தான். அவளுக்கும் அதே சந்தேகம்தான். கூட்டம் பாடகனைப் பார்த்தது, பிரியாணி வரும் வழியைப் பார்த்தது. அவளை ஒருவரும் பார்க்கவில்லை. கேபிள் பிடுங்கிக்கொண்டு அவளுடைய பேஸ் ஒலி நின்றபோதும் டிரம்ஸும் கிட்டாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கீழே ஆடிக்கொண்டிருந்த பச்சைப் புடவைக்காரி, தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பக்கத்தில் ஆடியவர்களும் நின்று, எது குறைந்ததென்று மேடையைப் பார்த்தார்கள். ஜெனோவா கேபிளை எடுத்துச் செருகி, அடுத்த தாளத்தில் தடித்த கம்பியைத் தட்டினாள். அந்தக் கால் தரையில் இறங்கியது.

“ஏய், வேணும்னேதான புடுங்குன?” என்றான் ரெக்ஸன், மேடையை விட்டு இறங்கியதும்.

“இல்லண்ணா, மிதிச்சிட்டேன்.”

“வெளிய சொல்லாத. அடுத்த கச்சேரியிலயும் அதே எடத்துல மிதி.”

பச்சைப் புடவைக்காரியின் காலைப் பற்றி மட்டும் ஜெனோவா அரைப்பக்கம் எழுதினாள். அதன்கீழே: “நாளை: மிதித்தாலும் பிடுங்கிக்கொள்ளாதபடி கேபிளைக் கிட்டாரின் தோள்வாரில் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டிப் பழக வேண்டும்.”