முதல் பிரஸ்ஸிங்கில் மட்டும்

ஊசி இறங்கப் போகிறது என்றதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அவள் மூடவில்லை.

ஆழ்வார்பேட்டையில் ஒரு காபிக் கடையின் மாடி. ஞாயிற்றுக்கிழமை மதியம். பழைய இசைத்தட்டுப் பைத்தியங்களின் கூட்டம். தட்டை விளிம்பில் மட்டும்தான் தொடுவார்கள், பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல. பாட்டுக்காரிகளுக்கு அந்த மரியாதை கிடையாது.

சுழன்றது 'வயலட் மான்சூன்' குழுவின் இரண்டாவது ஆல்பம். சைக்கடெலிக் ராக். எழுபதுகளில் மெட்ராஸில் போட்டது. உறையில் ஊதா மழை, கண் முளைத்த குடை, நடுவில் கிடாரோடு யோகராஜ். பாடியவள் அவள். அப்போது அவனுக்கு மனைவியாகவும் இருந்து தொலைத்தாள்.

உறையில் அவள் பெயர் இல்லை.

மூன்றாவது பாட்டு.

கிடார் சுழன்று சுழன்று மேலே போனது. ஆர்கன் அதைத் துரத்தியது. எல்லாம் ஒரு கணம் ஓய்ந்த இடத்தில் பளார் என்று ஒரு சத்தம். உடனே ஒரு பெண்ணின் அலறல்.

"ஆஹா" என்றார் முன்வரிசையில் ஒருவர். பாயசம் குடித்த முகம்.

"புல்லரிச்சுப் போச்சு மேடம், பாருங்க" என்று பக்கத்தில் இருந்த பெண் முழங்கையை நீட்டிக் காட்டினாள்.

இந்த அலறல் முதல் பிரஸ்ஸிங்கில், அதாவது முதல் தடவை அச்சடித்த தட்டுகளில் மட்டும்தான் இருக்கும். கழித்துப் போட்ட டேப்பை எவனோ தவறிப்போய் ஃபாக்டரிக்கு அனுப்பிவிட்டான். தெரிந்ததும் நிறுத்தினார்கள். அடுத்த பிரஸ்ஸிங்கில் பாட்டு சுத்தமாக இருக்கும். சுத்தமானதை இவர்கள் சீந்துவதில்லை. அலறல் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் பளார் எந்த வாத்தியம் என்று இணையத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. டாம்பரின் என்கிறது ஒரு கட்சி. மரக்கட்டை என்கிறது இன்னொரு கட்சி. அலறலின் ஒலியலைப் படத்தைச் சட்டையில் அச்சிட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தான் ஒருவன்.

நாசமாய்ப் போக.

இப்போது இந்தக் கூட்டத்தை நடத்தும் தினகர் அந்த ஆல்பத்தைத் திரும்பக் கொண்டுவருகிறார். முதல் பிரஸ்ஸிங்கில் இருந்தபடியே, அலறலோடு. புது உறைகளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று கெஞ்சிக் கூப்பிட்டார். அவள் கையெழுத்துப் போட வரவில்லை. அந்த அலறலை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வந்தாள். காரணத்தை ஃபோனில் சொல்ல நாக்கு எழவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

வந்து பார்த்தால் மேடையில் யோகராஜ். நரைத்த முடியை முடிந்துகொண்டு, கழுத்தில் மணிமாலையோடு. பிரிந்த பிறகு இன்றைக்குத்தான் அந்த முகத்தைப் பார்க்கிறாள்.

தட்டு நின்றது. தினகர் மைக்கைப் பிடித்தார்.

"யோகி சார், அந்த அலறல்... அதை எப்படி சார் எடுத்தீங்க?"

யோகராஜ் சிரித்தான்.

"அது நம்ம வத்சலாதான். இதோ உக்காந்திருக்காளே. மழைக்கு முன்னாடி மயில் கத்துமே, அப்படி வேணும்னேன். ஒரே டேக்ல குடுத்துட்டா."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். கைதட்டினார்கள். முழங்கையைக் காட்டிய பெண் எழுந்து நின்றே தட்டினாள்.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

மயிலாம், மயில்.

அரைத் தாளம் முந்திப் பாட்டை எடுத்துவிட்டாள். அன்றைக்கு அவள் செய்தது அவ்வளவுதான். மைக் திறந்தே இருந்தது. டிரம் வாசித்தவன் குனிந்து எதையோ முடுக்குவதுபோல பாவனை செய்தான். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த டேக்குக்கு அவளேதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அதைச் சொல்ல இத்தனை வருடமாக வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறாள். இவன் ஒரு மயிலைக் காட்டி முடித்துவிட்டான்.

எழுந்தாள்.

தினகர் மைக்கை நீட்டினார். அவள் வாங்கவில்லை. நேரே இசைத்தட்டுக் கருவியிடம் போனாள். தட்டைச் சுழலவிட்டு, ஊசியைத் தூக்கி மூன்றாவது பாட்டில் வைத்தாள்.

"மேடம், மேடம், கீறல் விழுந்துடும்" என்று பதறினார் தினகர்.

விழட்டுமே.

கிடார் மேலே ஏறத் தொடங்கியது. யோகராஜுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தான்.

"போதும் வத்சு. விடு."

ஊசியை எடுக்கக் கையைத் தூக்கினான்.

அவள் முகம் தானாக ஒருபக்கம் திரும்பிக்கொண்டது. தோள் ஒடுங்கியது. கை கன்னத்துக்குப் போய்விட்டது.

ஸ்பீக்கரில் பளார் என்றது.

அலறல் வந்தது.

அறை முழுக்க அவர்கள் இருவரையுமே பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தன் கழுத்தின் மேலேயே வந்த கோபம் சொல்லி மாளாது. பேரன் பேத்தி எடுத்த வயதில், இந்தக் கைக்கு இன்னுமா பயம்? சீ. கன்னத்திலிருந்து கையைப் பிய்த்து எடுத்தாள்.

"நான் ஊசியைத்தான்..." என்றான் யோகராஜ். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த ஒருவருக்கும் கை வரவில்லை.

மேஜை மேல் புது உறைகள் அடுக்கடுக்காக இருந்தன. அவள் தினகரைப் பார்த்தாள். குரல் நடுங்கத்தான் செய்தது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று பேசினாள்.

"சொல்லுங்க தினகர். இதை இன்னும் எத்தனை வீட்டுக்கு அனுப்பப் போறீங்க?"