வெட்டாத வீடியோ

பழைய கல்யாண வீடியோக்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைச் செருகினேன். மடிக்கணினி கண்டுகொள்ளவில்லை.

மறுபடி செருகினேன். டிஸ்க் சாமி வந்தது போல இரண்டு தடவை உடம்பை உதறிவிட்டு அடங்கிப்போனது.

“கரண்டு பத்தலையாட்ட இருக்குதுங்க,” என்றேன்.

“அவருக்கு எதுதான் பத்துச்சுன்னு கேளுங்க தனசிங் தம்பி,” என்றார் தெய்வம்மா.

அவர் என்றது கூடப்பிறந்த அண்ணன் அழகையாவை. அவரும் என் கடையில் அதே பெஞ்சில்தான், மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். இருவரும் நேராகப் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. இன்றைக்கு நான் நடுவில் தந்திக் கம்பம்.

தெய்வம்மாவின் மூத்த மகள் ரேணுகா கல்யாணத்துக்கு அழகையா வந்தாரா, இல்லையா என்பதுதான் வழக்கு. தாய்மாமன் மாலை போடாமலே நடந்த கல்யாணம்.

வரவே இல்லை என்பது தெய்வம்மா கட்சி. “வந்தேன்” என்பார் அழகையா. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

தெய்வம்மாவின் சாட்சி, நான் எடுத்துக் கொடுத்த கல்யாண சிடி. அதில் பந்தியில் மூன்றாவது அப்பளம் கேட்டவன்கூட இருக்கிறான். தாய்மாமன் இல்லை.

அது வெட்டி ஒட்டியது, வெட்டாததைப் போட்டுக் காட்டு என்று மஞ்சூரிலிருந்து குடையும் கையுமாக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார் அழகையா.

ஞாயிற்றுக்கிழமை இளைய மகளுக்குக் கல்யாணம். மாமன் மாலை போடாமல் மணவறைக்கு வரமாட்டேன் என்று அந்தப் பெண் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வீடியோவில் அண்ணன் இருந்தால் காலில் விழுந்து அழைப்பதாகவும், இல்லையென்றால் அவர் வாசலை மிதிக்கக் கூடாது என்றும் தெய்வம்மா சொல்லிவிட்டார். அழகையாவும் ஒத்துக்கொண்டார்.

ஆக, நீதிபதி என் மடிக்கணினி.

தேயிலை விலை விழுந்து, தோட்டத்து லைன் வீடுகளில் பாதி பூட்டிக்கிடக்க, திருப்பூருக்குப் போன பிள்ளைகள் கல்யாணத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நடுவட்டத்தில் என் ஸ்டூடியோ ரீசார்ஜ் கடையானது. நல்ல கம்ப்யூட்டர் கைமாறியது. கூடலூர் ஷிஜோ இந்தக் கிழட்டு மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்து, இனிமேல் வைரஸ் உள்ளே வராது என்று சத்தியம் செய்தான்.

சொன்ன சொல் தவறாதவன். வைரஸ் மட்டுமல்ல, அதற்குப் பிறகு எதுவுமே உள்ளே வரவில்லை.

இரண்டு தலை யூஎஸ்பி வயர் ஒன்றைத் தேடியெடுத்து மடிக்கணினியின் இரண்டு துளையிலும் செருகினேன். டிஸ்க் சுற்றத் தொடங்கியது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்தேன். பட்டியலில் டிஸ்க்கின் பெயர் வந்தது. திறக்கத்தான் இல்லை.

“வந்து நிக்கிறது தெரியுதுங்க. ஆனா உள்ளே விடமாட்டேங்குது.”

“சில பேரு வீட்டுலயும் அப்படித்தான்,” என்றார் அழகையா, சுவரைப் பார்த்து.

ஷிஜோவுக்குப் போன் போட்டேன். விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்கை முறையாகக் கழற்றாமல் பிடுங்கியிருக்கிறாய், அதுதான் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று மலையாளத்தில் திட்டினான். எழுத வேண்டாம், படிக்க மட்டும் திற என்று ஒரு வரிக் கட்டளை சொன்னான். எழுத்தெழுத்தாக அடித்தேன்.

திறந்தது.

திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். தகரக் கூரையில் மழை கொட்டியதால் காதில் இயர்போனை மாட்டி, தாலி கட்டும் இடத்துக்குப் போனேன்.

படத்தின் இடது ஓரத்தில் ஒருவர் நின்றிருந்தார். தலையெல்லாம் மழை. இரண்டு கையிலும் மாலைத் தட்டு. யாராவது ‘வாங்க’ என்று சொல்லட்டும் என்று சமுதாயக்கூடத்து வாசலில் காத்து நின்றார். எல்லோரும் மணவறையைப் பார்த்து நின்றதால் அவருக்குக் கிடைத்தது வரிசையாக முதுகுகள்தான்.

அழகையா. முடி கறுப்பாக இருந்தது.

அப்போது இயர்போனில் ஒரு குரல் கேட்டது. படத்தை நிறுத்தினேன்.

வயரைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க் செத்துப்போச்சு என்று சொல்லிவிடலாம். இந்த மடிக்கணினிக்கு இருக்கிற பேருக்கு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கை வயர் வரைக்கும் போனது.

அந்தப் பெண் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். கொஞ்சம் பின்னால் தள்ளி ஓடவிட்டு, இயர்போனை உருவினேன்.

“அண்ணே!” என்று படத்தைப் பார்த்து முனகினார் தெய்வம்மா.

அடுத்த நொடி கடை முழுக்க அந்தக் குரல் கேட்டது.

“யோவ், யாருய்யா அது? சமையல் ஆளெல்லாம் பின்னால போய்யா! தாலி கட்டுற படத்துல விழுறே!”

படத்தில் அழகையா வீடியோ லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினார். ஒரு அடி நகர்ந்தார். இன்னொரு அடி. அப்புறம் வாசல் மட்டும் இருந்தது.

என் குரல் விழுந்த அந்தத் துண்டைத்தான் வெட்டியெறிந்து, மேலே ஒரு பாட்டைப் போட்டு சிடி ஆக்கினேன். யாரை விரட்டினேன் என்றுகூட அன்றைக்குப் பார்க்கவில்லை.

“தங்கச்சி வீட்டுக்காரரு குரலுன்னு இத்தனை வருசமா…” என்று ஆரம்பித்த அழகையா முடிக்கவில்லை.

தெய்வம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தங்கையைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து, கேமராவுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தார்கள்.

“அண்ணே, அந்தக் குடைய இங்க குடு.”

“நீ உக்காரு தங்கச்சி,” என்று குடையைத் திருப்பிப் பிடித்தபடி எழுந்தார் அழகையா.