வேலமரத்தின் சிவப்புக் குறி

“இந்த முள்மரத்தை எடுத்துட்டா நடைபாதை நேராயிடும்.” வனப்பூங்காவில் நடக்க வந்தவர் சொன்னது அணிலின் காதில் விழுந்தது. மறுநாளே வேலமரத்தில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டுவிட்டார்கள்.

அணில் பக்கத்து நாவல் மரத்திடம் ஓடியது. “அக்கா, உன் கிளையால அதை மறைச்சிடேன். குறி தெரியலைன்னா வெட்ட மாட்டாங்க.”

“முள்ளு என்னைக் கிழிச்சிடும், போடா. என் நிழலுக்குத்தான் இங்க கூட்டமே வருது.”

“இந்த இடம் கல் உடைச்சுப் போட்ட பொட்டலா இருந்தப்போ நட்ட கன்னுகளையெல்லாம் ஆடு மேஞ்சுதே, மறந்துட்டியா? இந்த வேலமுள்ளுக்குள்ள நின்ன நீ மட்டும்தானே தப்பிச்சே?”

வேலமரம் தனக்காக எதுவும் கேட்கவில்லை.

ரம்பத்தோடு இருவர் பாதை வளைவில் திரும்பினார்கள். நாவல் தன் தாழ்ந்த கிளையை முட்களுக்குள் நுழைத்து, குறியை இலைகளால் மூடிக்கொண்டது.