லேபிளில் இல்லாதவர்

மத்தியான வெயில் கம்ப்யூட்டர் திரையில் விழுந்து கண் கூசுகிறது. குடும்பப் பட்டாசுக் கம்பெனியின் இணைய விளம்பரங்களைக் கவனிக்கும் பானுப்பிரியா, யாரோ கம்பெனி பேரில் திறந்திருக்கும் போலிப் பக்கத்தைப் பார்க்கிறாள். கம்பி மத்தாப்புப் பெட்டியில் வரும் அவளுடைய சின்ன வயசுப் படத்தைப் போட்டுத்தான் அங்கே ஆர்டர் பிடிக்கிறார்கள். ஏமாந்தவர்கள் காலையிலிருந்து போனில் இவளைத் திட்டுகிறார்கள். புகார் கொடுக்க அசல் படம் வேண்டும். அம்மா அழகுமீனா அதை பீரோவிலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்து நீட்டுகிறாள். அதில், இறந்துபோன அப்பா குத்தவைத்து, மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி சிரிக்கிறார். "நீ பயந்து மத்தாப்பக் கீள போட்டுருவன்னு அவுகதான் பிடிச்சிருந்தாக. லேபிள் அடிக்கயில அவுகள வெட்டிட்டாக," என்கிறாள் அம்மா. பானுப்பிரியா புகாரை அனுப்பிவிட்டு, கம்பெனியின் உண்மையான பக்கத்திலும் அந்த முழுப் படத்தையே ஏற்றுகிறாள். அம்மா திரையருகே குனிந்து, அவர் நெஞ்சில் மெல்ல விரல் வைக்கிறாள். "சட்டப் பட்டன மாத்திப் போட்டிருக்காக, பாரேன்."