பூட்டில்லாத போர்டு

"போர்டு கம்பெனிக்காரன் ஓசியில கொடுக்கறான். அதுவும் புத்தம் புதுசு. அதையும் வேண்டாங்கறாங்க எஞ்சினியரம்மா," என்றான் மசாவ்.

ஊர் மன்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மெங்யுன் சிரிக்கவில்லை. மேஜையில் மூன்று குட்டிக் கணினிப் போர்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டு அளவுதான். முதலாவதைத் தள்ளி வைத்தாள்.

ஹுவாலியன் மலையில் ஆற்றை ஒட்டிய ஊர். போன வருஷப் புயலில் வெள்ள அபாய மணி அடிக்கவில்லை. மசாவின் வீடு போயிற்று. அவன் மனைவி குமு இன்னமும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள்.

மணியைச் செய்த கம்பெனி அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. கம்பெனியிடமிருந்து அனுமதி வராவிட்டால் மணிக்குள் இருந்த மென்பொருள் தானாக நின்றுவிடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாராலும் பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

புது மணி அமைக்க, ஊர்த்தலைவி ரபாய் கடிதம் போட்டு வரவழைத்தவள் மெங்யுன்.

"அதுல என்ன குறை?" ரபாய் கேட்டாள்.

"வேகமான போர்டுதான் அக்கா. ஆனா இது கண் முழிக்கறதுக்கே, இதைச் செஞ்ச கம்பெனி பூட்டி வச்ச மென்பொருள் ஒண்ணு வேணும்."

"அடுத்தது?"

"அதுல வைஃபை பகுதி பூட்டியிருக்கு."

"அப்ப எதுதான் தேறும்?"

மெங்யுன் மூன்றாவதைத் தொட்டாள். "இது. முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் கட்டற்ற மென்பொருள். யார் வேணாலும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம். மெதுவாத்தான் ஓடும்."

மசாவ் வாயிலிருந்த பாக்கை ஒதுக்கிக்கொண்டான். "மூணு மாசமா திருப்பித் திருப்பிப் பாத்து, கடைசியில நொண்டியைப் புடிச்சிருக்கீங்க. வேட்டைக்குப் போறவன் இப்படி நாய் பொறுக்கினா, பன்றி கிழடு தட்டிச் செத்தே போயிடும்."

மறுபடி சிரிப்பு.

"இதைத்தான் போடுவேன்," என்றாள் மெங்யுன்.

ரபாய் ஒப்புதல் காகிதத்தில் முத்திரையைக் குத்தினாள்.

ஆகஸ்டில் புயல் வந்தது. காலையிலிருந்தே பேய் மழை. பத்து மணிக்கு, புது அபாய மணிக்குள் இருந்த போர்டு நின்றுபோனது.

"சொன்னேன்ல," என்றான் மசாவ். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மெங்யுன் மன்றத்து மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். மென்பொருளை வரி வரியாகப் படித்தாள். சேற்றுத் தண்ணீர் வந்ததும் நீர்மட்டக் கருவி தாறுமாறாக எண்களை அனுப்பியிருக்கிறது. அதைச் சமாளிக்கத் தெரியாமல் போர்டு திணறி நின்றிருக்கிறது. நாலே வரிதான். மாற்றி எழுதினாள். பதினொன்றரைக்கு மறுபடி ஓடத் தொடங்கியது.

பிற்பகல் இரண்டே காலுக்கு மணி அலறியது.

முப்பத்தொரு குடும்பமும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. மசாவ் குமுவை முதுகில் சுமந்துகொண்டு ஏறினான். நாற்பது நிமிஷத்தில் ஆறு கீழ்த்தெருவை வாரிக்கொண்டு போனது.

ரபாய் தலை எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை. மறுபடி எண்ணினாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் பன்றி சுட்டு விருந்து. மசாவ் முதல் கிண்ணம் தினை மதுவை இரண்டு கையாலும் மெங்யுனிடம் நீட்டினான்.

"எஞ்சினியரம்மா, நான் பேசினதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. ஊரே உங்களாலதான் உக்காந்து சாப்பிடுது."

மெங்யுன் வாங்கவில்லை.

"அதை வாங்கிக்க எனக்குத் தகுதி இல்லை," என்றாள். "அந்தக் கம்பெனியிலதான் நான் வேலை பாத்தேன். பழைய மணியில பூட்டை எழுதினதே நான்தான்."

மசாவின் கை நீட்டியபடியே நின்றது. முகம் இறுகியது.

குமு ஊன்றுகோலை ஊன்றி எழுந்து வந்தாள். புருஷன் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, மெங்யுன் கையில் வைத்து அழுத்தினாள்.

"தெரியும். பழைய மணியோட கம்பெனி கொடுத்த காகிதத்துல உன் பேர் இருந்துச்சு. பூட்டு எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்கும்னு பூட்டினவளுக்குத்தானே தெரியும்? உனக்குக் கடிதம் போடச் சொல்லி ரபாய்கிட்ட கேட்டதே நான்தான். குடி."