இருபத்தைந்தாவது கணக்கு

பொறியியல் நுழைவுத்தேர்வு விடைகள் வெளியான மறுநாள், கனிமொழியின் அம்மா அம்சம் கூப்பிட்டனுப்பியதால் அறிவுமதி வந்திருந்தாள். தோழி கனியின் தேர்வு விடைகளை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். அம்சம் அந்தத் தாளை வாசிக்க, அறிவுமதி செல்போனில் ஒத்துப் பார்த்தாள்.

“முதல் கணக்கு, நாலு.”

“சரிங்கம்மா.”

“ரெண்டாவது, பன்னெண்டு.”

“அதுவும் சரி.”

இருபத்து நான்கு கணக்குகளும் சரியாகவே வந்தன. கடைசிக் கணக்காவது கனிக்குத் தப்பாகியிருக்க வேண்டும் என்று அறிவுமதி தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

“இருபத்தஞ்சு. ஏழுன்னு போட்டிருக்கா.”

அறிவுமதி செல்போனையே வெறித்தாள்.

“சொல்லு அறிவு.”

“சரிதாங்கம்மா. நான் போட்டதுதான் தப்பு.”

அம்சம் தாளை மடித்தாள். “பஸ்ல வர்றப்ப அவ போட்டது தப்புன்னு சொன்னியாமே. அதுலயே சீட்டு போச்சுன்னு அழுதுட்டுத்தான் ஆத்துப் பக்கம் போனா.”

கூடத்தில் பதினாறாம் நாள் படையல் போட்டிருந்தது. அம்சம் அந்தத் தாளை இலையோரமாக வைத்துவிட்டு, மாலை போட்ட படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“எல்லாம் சரியாம் கண்ணு.”