ஆறு மாதத்தில் மூன்று அங்குலம்

"எவ்வளவு நாளா இருக்கு?" டாக்டரம்மா கேட்டார்.

"ரெண்டு வருஷமா இருக்கு டாக்டர். அப்பவே ஒருத்தர்கிட்ட காட்டினேன், ரிப்போர்ட் இதோ இருக்கு. சாதாரணக் கட்டி, பயப்பட ஒண்ணுமில்லைன்னாங்க," என்றாள் இளையவள். நூலகத்தில் வேலை. குரலும் அதற்கேற்பத் தணிந்தே இருந்தது.

"இப்ப வளருதா?"

"அப்படி ஒண்ணும் தெரியல..."

"வளருது டாக்டர்." பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்தவள் குறுக்கிட்டாள். "ஜனவரியில மார்புச் சுற்றளவு முப்பத்திநாலு. ஏப்ரல்ல முப்பத்தஞ்சு. இப்ப ஜூலையில முப்பத்தேழு. ஏறினதெல்லாம் இடது பக்கம்தான்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

"அக்கா, சும்மா இருங்களேன்," என்று இளையவள் கூச்சத்தோடு முணுமுணுத்தாள்.

"நீ சும்மா இருந்ததுதான் இங்க கொண்டாந்து விட்டிருக்கு! வலிக்கல, வலிக்கலன்னே நாளைக் கடத்திட்டா டாக்டர். இன்னிக்குக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

அன்றே ஊசி போட்டுக் கட்டியிலிருந்து சதை எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. இருவரும் அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இதுக்கு ஃபிலாய்ட்ஸ்னு பேரு," என்றார் டாக்டர். "மார்பகக் கட்டிகள்ல நூத்துல ஒண்ணுகூட இது இருக்காது. வந்தாலும் பெரும்பாலும் சாதுவாத்தான் இருக்கும். உங்களுது அப்படி இல்ல."

"புற்றுநோயா?"

"ஆமா. கட்டியை மட்டும் எடுத்தா திரும்ப வரும். சுத்தி இருக்கிற நல்ல சதையையும் சேர்த்து எடுக்கணும். உங்க கட்டி இருக்கிற அளவுக்கு, மார்பையே எடுக்க வேண்டி வரும்."

இளையவள் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா அப்பாவுக்கு வயசாச்சு. தாங்க மாட்டாங்க."

"அவங்ககிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்," என்றாள் மூத்தவள். "டாக்டர், நீங்க தேதி சொல்லுங்க. இவளைக் கேட்டா அடுத்த வருஷம்பா."

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரம், கடைசி ரிப்போர்ட்டை டாக்டர் இருமுறை படித்தார்.

"கட்டி முழுசா வெளியே வந்திடுச்சு. ஓரங்கள்ல எதுவும் மிச்சமில்ல. நுரையீரலும் சுத்தமா இருக்கு. கொஞ்ச நாள் கதிர் சிகிச்சை, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டினா போதும்."

இளையவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மூத்தவள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

டாக்டர் மூத்தவளைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லணும்னா, அந்தப் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து நானும் 'ஆறு மாசம் கழிச்சு வாங்க'ன்னு அனுப்பியிருப்பேன். நீங்க சொன்ன அளவுகள்தான் என்னை உடனே ஊசியை எடுக்க வச்சுது. கூடப் பிறந்தவங்கன்னா இப்படி இருக்கணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூடப் பிறக்கல டாக்டர்," என்றாள் இளையவள், கண்ணைத் துடைத்தபடி. "எங்க தெருமுனையில தையல் கடை வச்சிருக்காங்க. எனக்கு அளவெடுத்துத் துணி தைக்கிறவங்க."